நேரம், நிகழ்வு, காரணம்

ஆகஸ்ட் 20, புதன்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நான் இல்லை.

"அம்மாவுக்கு மறதி வருதுன்னு மொட்டையா வந்து சொன்னா நான் என்ன செய்ய? என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன மறந்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார் டாக்டர் ஜெஸ்லின். நியாயமான பேச்சு. காற்றாலையிலும் இதைத்தான் செய்கிறோம். இயந்திரம் நின்றால் நேரம், நிகழ்வு, காரணம் என்று மூன்று கட்டம். காரணம் தெரியாவிட்டால் காலியாக விட வேண்டும். ஊகம் எழுதினால் சூப்பர்வைசர் தாளைக் கிழித்துப் போடுவார். கம்பெனி நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

அம்மா உலகம்மாள். வயது அறுபத்து நான்கு. வள்ளியூர் தபால் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் ஊரில் பாதிப் பேருக்குப் போஸ்டம்மாதான். ஸ்கூட்டரில் போய் யாருக்காவது மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் அவளும் நானும். அக்கா காந்திமதி பெங்களூரில்.

நேற்று பகல் 11.40க்கு அடுத்த வீட்டு எஸ்தர் அக்கா போன் செய்தார். "தம்பி, போஸ்டம்மா எங்க வீட்டுப் பூட்டுல உங்க வீட்டுச் சாவியப் போட்டுத் திருகிக்கிட்டு நிக்காங்க. கேட்டா, பூட்டு துருப்பிடிச்சிட்டுங்காங்க."

காரணம்: (காலி)

இதையும் எழுதி வைக்கிறேன். குஜராத்தில் கட்ச் பக்கம் புதிய காற்றாலைப் பண்ணையில் எனக்குத் தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது. நவம்பர் 3 சேர வேண்டும். அக்டோபர் 10க்குள் பதில். அம்மா தனியாக இருக்க முடியுமா, முடியாதா என்பது தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சர்க்கரை 128. நல்ல அளவு. ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணி, வெறும் வயிறு, இடது கை மோதிர விரல். எப்போதும் ஒரே நிலையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். இதை அம்மாவுக்கு விளக்குவது வீண். "விரல்ல ஓட்டை போடுததுக்கு நல்ல நேரம் வேற பாக்கான்" என்கிறாள்.

மாத்திரை விஷயத்தில் கவலை இல்லை. இந்த மாதம் முதல் தேதி ஒரு பெட்டி வாங்கி வைத்தேன். நாளுக்கு ஓர் அறை. நேரத்துக்கு எடுக்காவிட்டால் கத்தும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் என் கைபேசிக்குச் செய்தி வரும். முன்பெல்லாம் வாரம் ஒன்றிரண்டு மாத்திரை அட்டையில் மிச்சம் கிடக்கும். கேட்டால் மழுப்புவாள். இப்போது இருபத்து நான்கு நாளில் ஒன்றுகூடத் தவறவில்லை.

"மாமியா செத்து இருவது வருசம் நிம்மதியா இருந்தேன். பெட்டிக்குள்ள போட்டுத் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டான்" என்று எஸ்தர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சைட்டில் டப்பாவைத் திறந்தால் குழம்பில் உப்பு இல்லை. ரசத்தில் இரண்டு பேருக்கான உப்பு. போன செவ்வாயும் இப்படித்தான் இருந்தது என்று மாடசாமி நினைவுபடுத்தினான். அவன் என் டப்பாவில் பாதி தின்கிறவன்.

மாலை வீட்டுக்கு வந்து கேட்டேன். "அடுப்புல இருக்கையில ஒரு சொட்டு கையில விட்டு ருசி பாக்க மாட்டியா?"

"இன்னைக்குப் பாக்கல."

"ஏன்?"

"பாக்கலன்னா பாக்கல. கேள்வி கேக்கதுக்கே பொறந்திருக்கான்."

அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தாள். இரண்டு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும் சாப்பிட்டாள். அதன் பிறகு மிகத் தெளிவாகப் பேசினாள். பகல் பன்னிரண்டுக்கு எஸ்தர் அக்காவிடம் இரண்டு முறை ஒரே கேள்வியைக் கேட்டது மட்டும் நினைவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பகல் 12.10. அடுப்பு எரிகிறது, மேலே பாத்திரம் இல்லை. அம்மா பக்கத்தில் நின்று தீயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எஸ்தர் அக்கா அணைத்தார். காரணம் காலி.

செப்டம்பர் 2, செவ்வாய்

11.50. போனில் "யாரு பேசுதது?" என்றாள். நான் பெயரைச் சொன்ன பிறகும்.

செப்டம்பர் 6, சனி

காற்று அதிகம். கோபுரத்தில் ஏற அனுமதி இல்லை. ஷெட்டில் உட்கார்ந்து, வயதானவர்களுக்கு மறதி நோய் வருவதற்கு என்னென்ன காரணம் என்று படித்தேன். இருக்கிற கட்டுரைகளில் பாதி குப்பை. மீதியிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தேன். காது கேளாமை, கண் மங்கல், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தலையில் அடி, புகை, குடி, உடம்பை அசைக்காமல் இருப்பது, குறைந்த படிப்பு, மனச்சோர்வு, கெட்ட காற்று, தனிமை. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை, இவற்றை ஓரளவு சரி செய்யலாம் என்கிறார்கள். அப்படியென்றால் சரி செய்வோம்.

வீட்டுக்கு வந்ததும் காதைச் சோதித்தேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டடி பின்னால் நின்று "ஆறு, மூணு, எட்டு" என்று மூச்சுக் காற்றில் சொன்னேன்.

திரும்பாமலே கேட்டாள். "ஆறு மூணு எட்டா? எவ நம்பர்ல அது?"

காது சரி. கண் போன வருடம்தான் புரை எடுத்தது. அழுத்தம் 130க்கு 80. புகை, குடி கிடையாது. படிப்பு பி.யூ.சி. மாவட்டத்தில் எந்த ஊர் பெயர் சொன்னாலும் பின்கோடு சொல்வாள். சோதித்தேன், பதினைந்தில் பதினைந்து சரி. இது எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை பதினைந்துக்குப் பதினைந்து வாங்குகிற இயந்திரம் செவ்வாய்க்கிழமை பெற்ற மகனின் பெயரை எப்படித் தவறவிடும்?

தனிமை: இதைத் தள்ளிவிடலாம், வீட்டில் நான் இருக்கிறேன். இருந்தாலும் முறைப்படி பார்க்க வேண்டுமே என்று இந்த வாரம் அவளிடம் என்ன பேசினேன் என்று யோசித்தேன். டப்பா. சட்டை. மாத்திரை. "கதவப் பூட்டு." வேறு எதுவோ பேசியிருப்பேன். இந்தக் கட்டத்தைப் பிறகு நிரப்பலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

12.25. ராதாபுரம் ரோடு முக்கில் அம்மா ஸ்கூட்டரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் இரண்டு பஸ், ஒரு ஜல்லி லாரி. ஹாரன் அடித்தும் அசையவில்லை. பழக்கடைக்காரர் வண்டியை ஓரம் தள்ளி, அவளை நிழலில் உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் சாதாரணமாகிவிட்டாள். கடைக்காரரின் மகளுக்கு வங்கி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியலய்யா" என்றாள் என்னிடம். "இருபத்தெட்டு வருசமா போற ரோடு. வெள்ளைத்தாள் மாதிரி இருந்திச்சு."

நான் வண்டியை ஓட்டினேன், அவள் பின்னால் உட்கார்ந்தாள். சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 10, புதன்

அக்காவுடன் நாற்பது நிமிடம்.

"இனியும் என்னல நோட்டுல எழுதிக்கிட்டு இருக்க? லாரி ஏறியிருந்தா என்ன எழுதுவ?"

"காரணம் தெரியாம முடிவு எடுக்க முடியாது."

"காரணம் வயசு. எங்க பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. மறதிக்காரங்கள மட்டும் பாத்துக்கிடுதாங்க. அடுப்பு கிடையாது, வெளிக்கதவுக்குப் பூட்டு உண்டு. அடுத்த மாசம் ஆறாம் தேதி நாகர்கோவில்ல மூளை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அவர் சொன்ன அன்னைக்கே கார் வச்சு அம்மைய கூட்டிட்டு வந்துருவேன். நீ நிம்மதியா குஜராத்துக்குப் போ."

அக்கா கெட்டவள் இல்லை. பயந்திருக்கிறாள். பயந்தவர்கள் சீக்கிரம் முடிவெடுப்பார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். காது சரி என்று நான்தானே எழுதினேன். "வெளிக்கதவுக்குப் பூட்டா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஸ்கூட்டரைத் துடைத்தாள். சாவியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சர்க்கரை 126.

இதுவரை எழுதியதை எல்லாம் வரைபடமாகப் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 19, 26, 29, செப்டம்பர் 2, 9. வெள்ளிக்கிழமை ஒன்றைத் தவிர எல்லாமே செவ்வாய். எல்லாமே பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள். மாலையில் ஒன்றுகூட இல்லை.

அதிர்வு அளக்கிறவனுக்கு இது போதும். தேய்ந்த பேரிங் தாறுமாறாகச் சத்தம் போடும். சீரான இடைவெளியில் ஒரே சத்தம் வந்தால் வெளியே எதுவோ வந்து இடிக்கிறது என்று அர்த்தம். மூளை கெட்டுப்போனால் கிழமை பார்த்துக் கெட்டுப்போகாது.

செவ்வாயில் என்ன இருக்கிறது? குழாயில் தண்ணீர் வருவது திங்களும் வியாழனும். எஸ்தர் அக்கா வீட்டில் கொசுமருந்து ஞாயிறு. அம்மாவிடம் கேட்டேன். "செவ்வாக்கிழமை நீ என்ன செய்யுத?"

"மத்த நாளு செய்யுததத்தான் செய்யுதேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

எஸ்தர் அக்காவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க சாமி விசயம் எனக்கென்னப்பா தெரியும்" என்று உள்ளே போய்விட்டார். சம்பந்தமில்லாத பதில்.

செவ்வாய் லீவு போட்டிருக்கிறேன். நேரில் பார்த்துவிடுவோம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை 7.00: பெட்டி கத்தியது. மாத்திரை எடுத்தாள். 8.30: எனக்கு நான்கு தோசை. "நீ?" என்றேன். "பொறவு" என்றாள். 9.45: குழம்பு வைத்தாள். ருசி பார்க்கவில்லை. 11.00: என் தொந்தரவு தாங்காமல் துணி மடிக்கப் போனாள். 11.35: ஒரே சட்டையை மூன்று முறை பிரித்து மடித்தாள். நெற்றியில் வியர்வை. காற்றாடி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா."

"ராதாபுரம் தபால் பை வந்துட்டா?" என்றாள். "சீல் வைக்கணும். நேரமாச்சு. நீரு யாரு, புதுசா வந்திருக்கீரு?"

வியர்வை எனக்குப் புரிந்தது. பட்டியலில் பார்த்தது இல்லை, மாடசாமியின் அப்பாவுக்கு ஒரு முறை சர்க்கரை இறங்கியபோது பார்த்தது. மீட்டரை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு சோதனைப் பட்டை வீணாயின. மூன்றாவதில் 48.

விழுங்குகிறாளா என்று முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். விழுங்கினாள். மூன்று கரண்டி சீனி கரைத்து, உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதியில் தள்ளிவிட்டாள். "சாயந்தரம்தான் குடிக்கணும்" என்றாள். வற்புறுத்திக் குடிக்கவைத்தேன். அதட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். பதினைந்து நிமிடம் கழித்து 79.

"ஏம்ல இப்படிப் பதறுத?" என்றாள் அம்மா. "சட்டையெல்லாம் சீனித்தண்ணி. போய் மாத்து."

"எதுக்குச் சாப்பிடல?"

காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

"எத்தன வாரமா?"

"சித்திரையிலேர்ந்து. செவ்வாயும், மாசம் ஒரு சஷ்டியும். பகல்ல பச்சத்தண்ணி. சாயந்தரம் முருகனப் பாத்துட்டுப் பாலும் பழமும்."

அந்த வெள்ளிக்கிழமை சஷ்டி. அதை நான் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கப் பார்த்தேன்.

"வெறும் வயித்துல மாத்திர போட்டா சர்க்கர அடியில போயிரும்னு தெரியாதா?"

"தெரியும்லா. அதான் முன்னால விரதத்தன்னைக்கு மாத்திரய விட்டுருவேன். ஒரு நாளும் ஒண்ணும் வந்ததில்ல. நீ அந்தப் பெட்டியக் கொண்டாந்து வச்ச. எடுக்கலன்னா ஒனக்குப் போன் அடிக்கும். நீ எண்பது மீட்டர் உசரத்துல தொங்கிக்கிட்டு இருப்ப. அங்கன இருந்து எம்மேல கோவப்படுவ. கோவத்துல கை விட்டா? அதான் எடுத்துருதது."

போய்ச் சட்டையை மாற்றிவிட்டு வந்தேன்.

"யாருக்காக இந்த விரதம்?" என்று பிறகு கேட்டேன்.

"கோட்டிக்காரா" என்றாள் அம்மா. "வீட்டுல வேற எவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல?"

செப்டம்பர் 17, புதன்

டாக்டர் ஜெஸ்லின் நோட்டை முழுவதும் படித்தார். ஞாயிறு அளவுகள் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"எல்லா வாரமும் ஞாயித்துக்கிழமை காலையிலயே பாத்திருக்கீங்க?"

"ஒரே நிலையில அளக்கணும்லா, அதுக்காக."

"இன்ஜினியரா?"

"ஆமாம்."

"திருடன் செவ்வாய்க்கிழமை வாரான். நீங்க ஞாயித்துக்கிழமை காவல் இருந்திருக்கீங்க."

சரியாகத்தான் சொன்னார்.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். "இது மறதி நோய் இல்லன்னுதான் நினைக்கிறேன் போஸ்டம்மா. ஆனா சும்மா விடுத காரியமும் இல்ல. சர்க்கரை கூடினா மூளைக்குக் கெடுதல்னு எல்லாருக்கும் தெரியும். இப்படி அடிக்கடி அடியில விழுந்தாலும் கெடுதல்தான். நாளைக்கு நெசமாவே மறதி வரதுக்கு அதுவே வழி போட்டுக் குடுத்துரும். விரதம் இருக்கணும்னா எங்கிட்டச் சொல்லிட்டு இருக்கணும். மாத்திரைய நீங்களா விடவும் கூடாது, வெறும் வயித்துல போடவும் கூடாது."

மாத்திரையை வேறொன்றாக மாற்றினார். விரத நாளுக்கு என்ன, எப்போது என்று தனியாக ஒரு சீட்டு எழுதினார். "பகல்ல பாலும் பழமுமாவது உள்ள போகணும். முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டார். எங்க பெந்தெகொஸ்தே சபையில உபவாசம் இருக்கவங்களுக்கும் இதத்தான் சொல்லுதேன்."

"நேர்ந்துக்கிட்டத எப்படி மாத்த?" என்றாள் அம்மா.

நாகர்கோவில் நேரத்தையும் விட வேண்டாம் என்றார் டாக்டர். முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது. அதுவரை சாவி என்னிடமே இருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை. இன்று முடிந்தது.

அம்மாவின் நிபந்தனை: விரத நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குள் பாலும் பழமும் சாப்பிடுவாள். பதிலுக்கு நான் ஒரு பெண் வீட்டுக்கு வர வேண்டும். வாயைத் திறக்காமல்.

"போன தடவ சங்கரன்கோவில்ல என்ன சொன்ன?"

"படிக்கட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம், யாராவது விழுவாங்கன்னு சொன்னேன். உண்மைதானே?"

"அந்தப் பிள்ள காப்பித் தட்டோட நிக்கா. நீ படிக்கட்ட முழம் போட்டுக்கிட்டு இருக்க. அதுக்கு அப்புறந்தான்ல இந்த விரதத்தையே எடுத்தேன்."

ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பகல் 11.30, போன் செய்தேன். சாப்பிட்டாயிற்று. சர்க்கரை 112. பெயர் கேட்டேன். "ஒம் பேரா, ஒங்கப்பன் பேரா, ஒன்ன மாதிரி ஒண்ணப் பெத்ததுக்கு ஊர்ல எனக்கு வச்ச பேரா?" என்றாள்.

நிகழ்வு எதுவும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நிகழ்வு எதுவும் இல்லை. அரை மணி நேரம் பேசினோம். 1986இல் ஒரு மணியார்டரைத் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க அம்மா திசையன்விளை வரை சைக்கிளில் போன கதை. எனக்கு இது தெரியாது.

அக்டோபர் 6, திங்கள்

நாகர்கோவில். அக்காவும் வந்திருந்தாள். காரோடு.

மூளை டாக்டர் இளைஞர், என் வயதுதான் இருக்கும். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். இரண்டு வரை போய்விட்டு, "இதுக்குக் கீழ கடன்தான்" என்றாள். ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்துக் கேட்டார். ஐந்தையும் சொன்னாள். இடையில் அவர் போனில் யாரிடமோ சொன்ன வார்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னாள்.

ஸ்கேனும் ரத்தமும் அந்த வயதுக்குச் சரியாக இருக்கிறதாம். நடக்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், சர்க்கரை ஏறவும் விழவும் விடக்கூடாது, வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். தனியாக இருக்கலாமா என்று அக்கா கேட்டாள். இருக்கலாம். வண்டி? மூன்று வாரமாகச் சர்க்கரை விழவில்லையே, ஓட்டலாம். கிளம்புமுன் ஒரு வாய் சாப்பிட்டிருக்க வேண்டும்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். எம்பிள்ளைக ரெண்டும் ரொம்பப் பயந்துட்டு. அதுகளுக்கு எதாச்சும் மாத்திர இருந்தா எழுதிக் குடுங்க."

அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். நடைவழியில் அம்மா அவள் தலையைத் தடவி, "கார் சும்மா போக வேண்டாம். கருப்பட்டியும் முறுக்கும் ஏத்திட்டுப் போ" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மேஜையில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. அவள் தற்செயலாகப் பார்த்ததுபோல எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

கம்பெனிக்குப் பதில் அனுப்பினேன். வருகிறேன் என்று.

அக்டோபர் 12, ஞாயிறு

களக்காடு. போனேன், வாயைத் திறக்கவில்லை. பஜ்ஜி நன்றாக இருந்தது. பெண் பெயர் செண்பகவல்லி. நில அளவைத் துறையில் வேலை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "எங்க வீட்டு நடை ரெண்டு அங்குலம் சரிஞ்சிருக்கு, பாத்து இறங்குங்க" என்றாள்.

பார்த்தேன். இரண்டேகால் இருக்கும். அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

இரண்டேகால்தானாம். செண்பகவல்லி அளந்துவிட்டுப் போனில் சொன்னாள்.

அக்டோபர் 30, வியாழன்

நாகர்கோவில் பஸ்ஸில் எழுதுகிறேன். அங்கிருந்து ரயில்.

அம்மாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் விட்டாள். பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிறாள். சொன்னேன். "எறங்கி நடந்து வா" என்றாள். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டிருக்கிறாள். எஸ்தர் அக்காவிடம் டாக்டரின் சீட்டுக்கு ஒரு நகல் கொடுத்திருக்கிறேன்.

பஸ் புறப்படும்வரை நிற்கவில்லை. "ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்ணு, அழுக்குச் சட்டையப் போடாத" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வந்ததும் வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

மணி 11.20.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. எழுந்து கண்டக்டரிடம் போனேன். பஸ் அதற்குள் பைபாஸ் ஏறிவிட்டது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தபோது அவளே கூப்பிட்டாள்.

"வண்டி ஓட்டும்போது போன எடுக்கப்படாதுன்னு சொன்னவன் நீதானல? ஓரமா நிறுத்திட்டுப் பேசுதேன். என்ன மறந்து வச்சிட்டுப் போற?"

"நீ எந்தப் பக்கம் போற? வீடு வலப்பக்கம்லா."

"வீட்டுக்குப் போறேன்னு எவ சொன்னா?"

"பொறவு எங்க?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று கேட்டது. பிறகு சிரித்தாள்.

"ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போணுமாக்கும்" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தேன். பணகுடி வரை கைபேசியைக் கையில் வைத்திருந்தேன். பிறகு பைக்குள் போட்டேன்.